பந்தாட்டமும் பள்ளிப்பாடமும்

ஆட்டத்தில் விருப்பமில்லாத குழந்தையைக் காண்டல் அரிது. பந்து ஒன்றைக் கண்டால் பசியையும் மறந்து ஓடும் இயல்பு உலகெங்கும் உள்ள சிறுவர் சிறுமியர்க்குப் பொதுவானது. அத்தகைய குழந்தை பள்ளியறையுள் அமர்ந்து, கரும்பலகையில் எழுதப்பட்ட பின்னக் கணக்கைக் கண்டதும் சோர்வடைகிறது. வாசகப் புத்தகத்தை விரித்ததும் கண்ணயர்கிறது. ஆடுகளத்தில் விழிப்பும் விரைவும் உடைய அதே குழந்தை பள்ளியறையில் மந்தமாய்த் தோன்றுவது ஏன்? களத்தில் அதற்குத் தெரிந்த பொருள் இருக்கிறது. புத்தகத்தில் தெரியாத பொருள் இருக்கிறது. தெரிந்ததைப் படியாக வைத்துத் தெரியாததற்கு ஏற்றிவிடுதலே ஆசிரியர் தொழிலின் உயிர்நிலையாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பலர் இதற்குக் கருவியாகக் கொண்ட ஆட்டம் ஒன்று உண்டு. அஃது அந்நாட்டு மக்களின் உள்ளங்கவர்ந்த பேஸ்பால் என்னும் பந்தாட்டம். ஐந்து வயது முதல் பதினொரு வயது வரையுள்ள குழந்தைகட்கு எண்ணையும் எழுத்தையும் கற்பிப்பதற்கு அவ்வாட்டம் எங்ஙனம் துணைபுரிகிறது, எவ்விடத்தில் அது வழுக்கிவிடுகிறது என்பவற்றை ஆராய்தல், கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் ஒருங்கே பயன் தரும்.

ஆட்டத்தின் அமைப்பு

கிரிக்கெட்டில் உள்ளவாறே இவ்வாட்டத்திலும் ஒருவர் பந்தை எறிய, மற்றொருவர் அதனை மட்டையால் அடிக்கிறார். ஆயினும் அமைப்பு வேறு. ஓர் அணிக்கு 9 பேர். களத்தின் நடுவே 90 அடிப் பக்கமுள்ள ஒரு சதுரம் உண்டு. அதன் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் உள்ளன. மட்டையாளர் தொடக்கத் தளத்தில் நின்று பந்தை அடித்துவிட்டு, முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் என முறையே கடந்து, மீண்டும் தொடக்கத் தளத்தை அடைவாராயின் அவர் அணிக்கு ஓர் ஓட்டம் சேரும். பந்தை எட்டாத தொலைவிற்கு அடித்து, அந்த ஓர் அடியிலேயே நான்கு தளங்களையும் சுற்றி வருதலை ‘ஹோம் ரன்’ என்பர். அதனைத் தமிழில் முழுவோட்டம் எனலாம்.

அடிக்கத்தக்க பந்தை மூன்று முறை தவறவிட்டவர் ஆட்டமிழப்பார். அடிக்கத் தகாத பந்துகள் நான்கு எறியப்படுமாயின், மட்டையாளர் பந்தைத் தொடாமலே முதல் தளத்திற்கு நடந்து செல்லும் உரிமை பெறுவார். ஓரணியில் மூவர் ஆட்டமிழந்தவுடன் மற்றையணி மட்டை பிடிக்கும். இவ்வாறு இரண்டு அணிகளும் ஒன்பது முறை மாறிமாறி ஆடுதல் ஓர் ஆட்டத்தின் அளவாகும்.

இவ்வாட்டத்தை எண்களால் எழுதிவைக்கத்தக்கதாக ஆக்கியவருள் தலைசிறந்தவர் ஹென்றி சாட்விக் என்பவர். அவர் 1824 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு எக்செட்டர் நகரிற் பிறந்து, இளமையிலேயே பெற்றோருடன் அமெரிக்காவிற் குடியேறினார். கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிச் செய்தித்தாள்களுக்கு எழுதிவந்த அவர், பின்னர்ப் பேஸ்பாலில் நாட்டங்கொண்டார். ஓர் ஆட்டத்தில் யார் யார் எத்துணை முறை அடித்தனர், எத்துணை ஓட்டம் எடுத்தனர், எத்துணை பேரை வெளியேற்றினர் என்பவற்றையெல்லாம் ஒரு சிறு கட்டத்துள் எண்களாக அடக்கிக் காட்டும் முறையை அவர் 1859 ஆம் ஆண்டளவில் வகுத்துப் பரப்பினார். களத்திற்குச் செல்லாதவரும் அக்கட்டத்தைப் பார்த்து ஆட்டத்தை மனக்கண்ணால் காண முடிந்தது. 1908 இல் சாட்விக் மறைந்தார். அவர் பரப்பிய வழக்கம் மறையவில்லை. பள்ளியாசிரியர்க்கு இவ்வாட்டம் இத்துணை எளிதிற் கைகொடுப்பதற்கு அவ்வழக்கமே காரணம். எண்களை ஆசிரியர் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவேண்டியதில்லை. அவை ஆட்டத்துள்ளேயே கலந்து கிடக்கின்றன.

எண் கற்பித்தல்

முதல் வகுப்புக் குழந்தைக்கு ஆட்டக்காரரை எண்ணுதலே பாடம். ஓரணிக்கு 9 பேராயின் ஈரணிக்கும் 18 பேர். ஒரு முறைக்கு மூவர் ஆட்டமிழப்பராயின் ஒன்பது முறைக்கு 27 பேர். இங்ஙனம் கூட்டலும் பெருக்கலும் வாய்பாட்டு நெருக்கடியின்றி உள்ளத்திற் பதிகின்றன.

சற்றே வளர்ந்த குழந்தைகட்குப் பள்ளியறைத் தரையிற் சுண்ணக்கட்டியால் சதுரம் வரைந்து, வினாவிடை ஆட்டம் நடத்துதல் உண்டு. கூட்டற்கணக்கிற்கு விடையளித்தவர் ஒரு தளம் செல்லலாம். பெருக்கற்கணக்கிற்கு இரண்டு தளம். சொற்கணக்கை முற்றும் விடுவித்தவர்க்கு முழுவோட்டம். எவ்வகை வினா வேண்டும் என்பதைக் குழந்தையே தேர்ந்துகொள்ளும். இவ்வாட்டத்தில் ஓர் இடையூறும் உண்டு. விரைந்து விடை கூறுவோரே ஓட. மெல்லச் சிந்திப்போர் நாணித் தலைகுனிய நேரலாம். ஆதலின் நல்லாசிரியர், அணியினர் கூடிக் கலந்து விடை காணுதற்குப் போதிய நேரம் அளிப்பர்.

அளவைப் பாடத்திற்கும் களம் இடந்தருகிறது. சதுரத்தின் ஒரு பக்கம் 90 அடியாதலின், முழுவோட்டம் எடுப்பவர் கடக்கும் சுற்றளவு 360 அடி. தொடக்கத் தளத்திலிருந்து எதிர்மூலையிலுள்ள இரண்டாம் தளத்திற்கு நேரே எத்துணை அடி? செங்கோண முக்கோணத்தின் விதியை அறியாத சிறுவனும் இதற்கு விடை காணலாம். பத்தடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்னும் அளவில் 9 சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள சதுரத்தைத் தாளில் வரைந்து, மூலைவிட்டத்தை அளவுகோலால் அளந்தால் 12 சென்டிமீட்டரும் 7 மில்லிமீட்டரும் காட்டும். ஆகவே தொலைவு ஏறத்தாழ 127 அடி. பந்தெறிபவர் நிற்கும் இடம் தொடக்கத் தளத்திலிருந்து 60 அடி 6 அங்குலம். சதுரத்தின் நடுப்புள்ளியில் அவர் நிற்கிறார் என்றே பலரும் கருதுவர். மூலைவிட்டத்திற் பாதி 63 அடிக்கு மேலாதலின், நடுப்புள்ளிக்கு மூன்றடி முன்னே அவர் நிற்கிறார் என்பதைக் குழந்தை தன் அளவுகோலாலே கண்டறிகிறது. கண்ணால் கண்டதையும் அளந்து தெளியவேண்டும் என்னும் அறிவியற் பண்பு அங்கே விதைக்கப்படுகிறது.

பின்னமும் தசமமும் கற்பிப்பதற்கு உதவுவது மட்டைச் சராசரி. ஓர் ஆட்டக்காரர் அடித்துப் பாதுகாப்பாகத் தளம் சேர்ந்த தடவைகளை, அவர் மட்டை பிடித்த வாய்ப்புகளால் வகுத்து, மூன்று தசம இடங்களில் எழுதுவர். பந்தைத் தொடாமல் நடந்து சென்ற தடவைகள் வாய்ப்புகளில் சேரா. பத்து வாய்ப்பில் மூன்று முறை வென்றவர் 0.300 பெறுவார், அவர் சிறந்த ஆட்டக்காரராகவே மதிக்கப்படுவார். பத்தில் ஏழு முறை தோற்பவரும் சிறந்தவராகலாம் என்னும் செய்தி, ஒரு கணக்குத் தவறியதும் கண்ணீர் வடிக்கும் குழந்தைக்கு ஆறுதலும் ஊக்கமும் அளிக்கவல்லது.

1941 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று இப்பாடத்திற்கு உயிரூட்டும். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் என்பவர்க்கு அப்பொழுது வயது 23. அவ்வாண்டின் இறுதிநாள் வந்தபோது 448 வாய்ப்புகளில் 179 வெற்றியடிகள் அவர் கணக்கில் இருந்தன. 179 ஐ 448 ஆல் வகுத்தால் 0.39955 வரும். மூன்று இடங்களுக்குத் திருத்தினால் அது 0.400 ஆகிவிடும். 0.400 என்பது பெறுதற்கரிய சிறப்பு. இறுதிநாளில் ஆடாதிருந்தால் அச்சிறப்பு அவர்க்கு உறுதி. ஆடித் தோற்றால் கைவிட்டுப் போகும். ஆடாதிருக்க விரும்பினால் இசைவு உண்டு என்று அணித்தலைவர் கூறியும் வில்லியம்ஸ் இசையவில்லை. செப்டம்பர் 28 அன்று பிலடெல்பியா நகரில் நடந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடினார். எட்டு வாய்ப்பில் ஆறு முறை வென்றார். 456 இல் 185 என்றாயிற்று, சராசரி 0.406 ஆயிற்று.

அவர் எட்டிலும் தோற்றிருந்தால் என்னாகும்? 179 ஐ 456 ஆல் வகுத்தால் 0.393. எட்டில் மூன்று மட்டும் வென்றிருந்தால்? 0.399. நான்கு வென்றிருந்தால்? 0.401. இவ்வாறு ஒவ்வொன்றாய்க் கணக்கிடும் சிறுவன் வகுத்தலைப் பயில்கிறான். தசமத்தைத் திருத்துதலின் பொருளை உணர்கிறான். அதனோடு, திருத்தத்தால் வந்த பெருமையினும் உழைப்பால் வந்த பெருமையே நிலையானது என்னும் நேர்மையையும் ஒருங்கே பெறுகிறான்.

வட்டத்தைப் பிரித்துக் காட்டவும் ஆட்டக்காரர் கணக்கு உதவும். பேப் ரூத் என்னும் புகழ்பெற்ற வீரர் 1927 ஆம் ஆண்டில் 540 வாய்ப்புகளில் 60 முழுவோட்டங்கள் அடித்தார். 540 இல் 60 என்பது ஒன்பதில் ஒன்று. வட்டத்தின் 360 பாகையில் ஒன்பதில் ஒன்று 40 பாகை. அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, 40 பாகை அளவுள்ள பகுதிக்கு வண்ணந்தீட்டி, நடுவில் ஒரு முள்ளைச் சுழலவிட்டால், முள் வண்ணப் பகுதியில் நிற்பது ரூத்தின் முழுவோட்டம் ஆகும். இத்தகைய வட்டங்களைக் கொண்டு வீட்டினுள் அமர்ந்து ஆடும் ஆட்டமொன்றை ஈதன் ஆலன் என்னும் ஆட்டக்காரர் அமைக்க, அது 1941 இல் விற்பனைக்கு வந்தது. நிகழ்தகவு என்னும் பெயரைக் கேளாத குழந்தையும் அதன் இயல்பை இச்சுழல்முள்ளால் அறிந்துகொள்கிறது.

ரூத் தம் வாழ்நாளில் அடித்த முழுவோட்டங்கள் 714. அவ்வெல்லையை 1974 ஏப்ரல் 8 அன்று 715 ஆம் முழுவோட்டத்தால் கடந்தவர் ஹாங்க் ஆரன். இவ்விரண்டு எண்களையும் பகா எண்களாகப் பிரித்தால் ஒரு புதுமை தோன்றும். 714 என்பது 2, 3, 7, 17 ஆகியவற்றின் பெருக்கம். 715 என்பது 5, 11, 13 ஆகியவற்றின் பெருக்கம். முதல் ஏழு பகா எண்களும் ஒன்றும் விடாமல், ஒன்றும் இருமுறை வாராமல் இவ்விரண்டனுள் அடங்கிவிட்டன. இரண்டு தொகுதிகளையும் தனித்தனியே கூட்டினால் இரண்டும் 29. கார்ல் பொமரன்ஸ் முதலிய கணித அறிஞர்கள் இதனைக் கண்டு வியந்து, இத்தகைய அடுத்தடுத்த எண்களைப் பற்றி ஆராய்ந்தனர். அவற்றிற்கு ‘ரூத்–ஆரன் இணைகள்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. 5, 6 என்பனவும் அத்தகைய இணையே என்பதைச் சிறு குழந்தையும் கண்டுபிடிக்கலாம். ஐந்து தானே பகா எண்; ஆறின் பகாக் காரணிகளாகிய இரண்டையும் மூன்றையும் கூட்டினாலும் ஐந்தே வரும்.

விழிப்பு வேண்டும் இடங்கள்

எளிய வழி எனினும் இதில் இடறும் இடங்கள் உண்டு. பின்னங்களைக் கூட்டும்போது மேலெண்ணோடு மேலெண்ணையும், கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டிவிடுதல் குழந்தைகள் செய்யும் பெருந்தவறு. அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்பர். அது பிழை, சரியான விடை ஆறில் ஐந்து. ஆனால், ஒருவர் ஒரு நாளில் இரண்டு வாய்ப்பில் ஒன்றும், மறுநாளில் மூன்று வாய்ப்பில் ஒன்றும் வென்றாராயின், இரண்டு நாளும் சேர்ந்து ஐந்து வாய்ப்பில் இரண்டு வென்றார் என்பது முற்றிலும் சரி. கணக்கேட்டில் பிழையாவது ஆட்டக் குறிப்பில் சரியாவது எங்ஙனம்? முன்னதில் ஒரே முழுமையின் இரண்டு பகுதிகள் கூட்டப்படுகின்றன. பின்னதில் இரண்டு வேறு முழுமைகள் ஒன்றாக்கப்படுகின்றன. இவ்வேறுபாட்டை விளக்காத ஆசிரியர், தவறு ஒன்றைத் தம் கையாலேயே உறுதிப்படுத்தியவராவர். விளக்கும் ஆசிரியரோ, பின்னத்தின் உட்பொருளையே குழந்தைக்குக் காட்டியவராவர்.

இதன் விளைவாகத் தோன்றும் வியப்பு ஒன்று வளர்ந்த மாணவர்க்கும் உரியது. 1995 ஆம் ஆண்டில் டெரெக் ஜீட்டர் 48 இல் 12 வென்று 0.250 பெற்றார், டேவிட் ஜஸ்டிஸ் 411 இல் 104 வென்று 0.253 பெற்றார். 1996 ஆம் ஆண்டில் ஜீட்டர் 582 இல் 183 வென்று 0.314 பெற்றார், ஜஸ்டிஸ் 140 இல் 45 வென்று 0.321 பெற்றார். இரண்டு ஆண்டுகளிலும் ஜஸ்டிஸே முந்தினார். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தாலோ, ஜீட்டர்க்கு 630 இல் 195, அஃதாவது 0.310; ஜஸ்டிஸுக்கு 551 இல் 149, அஃதாவது 0.270. தனித்தனியே முந்தியவர் மொத்தத்தில் பிந்திவிட்டார். எதனால் வகுத்தோம் என்பதை நோக்காது சராசரியை மட்டும் நோக்குவோர் இவ்வாறே ஏமாறுவர்.

பந்தெறிபவரின் கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. ஆறு முறை முழுதும் எறிந்து, ஏழாம் முறையில் ஒருவரை மட்டும் வெளியேற்றியவர்க்கு 6.1 என்று எழுதுவர். அதன் பொருள் ஆறும் மூன்றிலொன்றும் என்பதே. பள்ளியிற் கற்ற தசம முறைப்படி அஃது ஆறும் பத்திலொன்றும் ஆகும். 0.300 என்பதை ‘முந்நூறு’ என்று வாயாற் கூறும் வழக்கமும் அவ்வாறே மயக்கந்தரும். ஆட்ட வழக்கு வேறு, கணித வழக்கு வேறு என்பதை முன்னரே தெளிவித்தல் ஆசிரியர் கடமை.

எழுத்துக் கற்பித்தல்

இனி, வாசிப்பிற்கு வருவோம். அமெரிக்கச் சிறுவர் ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட அட்டைகளைத் தொகுத்து வைப்பதில் பெருவிருப்பமுடையர். டாப்ஸ் நிறுவனம் 1952 இல் வெளியிட்ட அட்டைகளின் பின்புறத்தில், அவ்வாட்டக்காரரின் வாழ்க்கைக் குறிப்பும் ஆட்டக் கணக்கும் அச்சிடப்பட்டிருந்தன. பத்து வரி வாசகத்தைப் படிக்கச் சொன்னால் முகஞ்சுளிக்கும் சிறுவன், அட்டையின் பின்புறத்தை எவரும் ஏவாமலே எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படிப்பான். அந்த ஆர்வத்தையே ஆசிரியர் பயன்படுத்துகின்றனர். அட்டையிலிருந்து ஆட்டச் செய்திக்கும், செய்தியிலிருந்து வீரரின் வாழ்க்கை வரலாற்றுக்கும் குழந்தையைப் படிப்படியாக நடத்திச் செல்கின்றனர்.

எழுதும் பயிற்சிக்கும் ஆட்டக் குறிப்பேடு உதவும். களத்தில் நிற்கும் ஒன்பதின்மர்க்கும் இடத்தைப் பொறுத்து 1 முதல் 9 வரை எண்கள் உண்டு. முதல் தளக் காவலர் 3. இரண்டாம் தளக் காவலர் 4. இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்பவர் 6. குறிப்பேட்டில் ‘6–4–3’ என்று இருக்குமாயின், இடையே நின்றவர் பந்தை எடுத்து இரண்டாம் தளத்திற்கு எறிய, அங்கிருந்தவர் முதல் தளத்திற்கு எறிய, ஓட முயன்ற இருவர் ஒரே ஆட்டத்தில் வெளியேறினர் என்பது பொருள். மூன்றே எண்களுள் ஒரு கதை ஒடுங்கியிருக்கிறது. ‘அதனை வாக்கியங்களாக விரித்து எழுதுக’ என்றால் குழந்தைக்கு எழுதப் பொருள் தானே கிடைத்துவிடுகிறது. எண்ணும் எழுத்தும் ஒன்றையொன்று தழுவும் இடம் இதுவே.

ஒரு பொருளைப் பற்றிய அறிவு வாசிப்பிற்கு எத்துணை இன்றியமையாதது என்பதை 1988 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று புலப்படுத்தியது. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்னும் இருவர், தொடக்கப்பள்ளியைக் கடந்த ஏழாம் எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேரைத் தேர்ந்தெடுத்தனர். நன்றாக வாசிப்போர், வாசிப்பில் தளர்ந்தோர் என்றும், பேஸ்பாலை நன்கறிந்தோர், அறியாதோர் என்றும் நான்கு வகையாக அவர்களைப் பிரித்தனர். ஆட்டத்தின் ஒரு பகுதியை வருணிக்கும் உரைநடையைப் படிக்கச் செய்து, படித்ததைக் களத்தின் சிறு மாதிரியில் பாவைகளை நகர்த்தி நடத்திக் காட்டுமாறும், சொல்லால் கூறுமாறும் கேட்டனர். வாசிப்பில் தளர்ந்தோராயினும் ஆட்டத்தை அறிந்தோர், நன்றாக வாசிப்போராயினும் ஆட்டத்தை அறியாதோரை விஞ்சி நின்றனர்.

இதன் காரணம் நுணுகி நோக்கத்தக்கது. ‘பந்தை அவர் தொடவே இல்லை, முதல் தளத்திற்கு நடந்தார்’ என்றொரு வாக்கியத்தைக் கொள்க. இதில் அருஞ்சொல் ஒன்றுமில்லை. ஆயினும் நான்கு தகாத பந்துகளின் விதியை அறியாதவர்க்கு இது பொருளற்ற பேச்சாகும். அறிந்தவர்க்கோ, எறிந்தவரின் தளர்ச்சியும் அடித்தவரின் பொறுமையும் ஒரு நொடியில் விளங்கும். எழுத்துக்களைக் கூட்டுதல் மட்டும் வாசிப்பாகாது. எழுதாது விட்டவற்றைத் தம் அறிவால் நிரப்பிக்கொள்ளுதலும் வாசிப்பின் பகுதியாகும். வாசிக்கத் தெரியாதவன் என்று ஒதுக்கப்பட்ட ஒரு சிறுவன், தனக்குத் தெரிந்த பொருளைக் கண்டபோது தெளிவாகப் படித்துணர்கிறான். அங்ஙனமாயின் அவனிடத்துக் குறைந்தது அறிவுத்திறன் அன்று. படிக்கக் கொடுத்த பொருளைப் பற்றிய பழக்கமே.

இருபுறமும் வெட்டும் கருவி

ஆயினும் அவ்வாராய்ச்சி கூறும் உண்மைக்கு மற்றொரு புறமும் உண்டு. ஆட்டத்தை அறிந்த குழந்தையை உயர்த்தும் அதே பாடம், அறியாத குழந்தையைத் தாழ்த்திவிடும். வேற்று நாட்டிலிருந்து அண்மையிற் குடியேறிய குழந்தைக்குத் தளமும் எறிதலும் புதியன. ஆட்டத்தில் நாட்டமில்லாத குழந்தைகளும் உண்டு. 1939 இல் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் நகரில் தோன்றிய ‘லிட்டில் லீக்’ என்னும் சிறுவர் ஆட்ட அமைப்பு, சிறுமியர்க்குக் கதவு திறந்தது 1974 இல்தான். அத்துணைக் காலம் களத்திற்கு வெளியே நிறுத்தப்பட்ட சிறுமியர்க்குப் பள்ளியறையிலும் அவ்வாட்டத்தையே அளவுகோலாக வைத்தால், முன்பு செய்த தீங்கையே மீண்டும் செய்ததாகும்.

ஆகவே இம்முறையைக் கையாளும் ஆசிரியர் முதலில் ஆட்டத்தையே கற்பித்தல் வேண்டும். குழந்தைகள் அனைவரையும் திடலுக்கு அழைத்துச் சென்று, மட்டையைப் பிடிக்கவும், தளங்களைச் சுற்றி ஓடவும், குறிப்பேடு எழுதவும் செய்தல் வேண்டும். அனைவரும் ஒரே படியில் நின்ற பின்னரே ஏற்றம் தொடங்கலாம். ஆட்டம் ஓர் ஏணி. மாடிக்கு ஏறுதற்கு ஏணி வேண்டும். ஏறியவன் ஏணியிலேயே நிற்பானாயின் மாடியைக் காணான். மட்டைச் சராசரியில் தசமம் கற்ற குழந்தை, அத்தசமத்தைக் கொண்டு மழையளவையும் விலைவாசியையும் கணக்கிடும் நாள் வந்தபோதே கல்வி நிறைவெய்தும்.

எண்ணின் பின்னே நிற்கும் மனிதர்

எண்ணையும் எழுத்தையும் சேர்த்துப் படிக்கும் குழந்தை மூன்றாவதாக ஒன்றையும் கற்கிறது. போர்ட்டோ ரிக்கோவிற் பிறந்த ராபர்ட்டோ கிளமென்டே என்னும் வீரரின் அட்டையில் வெற்றியடிகள் சரியாக 3,000 என்று இருக்கும். அவ்வெண் ஏன் அங்கேயே நின்றுவிட்டது என்று வினவும் குழந்தை, அவர் வரலாற்றைத் தேடிப் படிக்கும். 1972 டிசம்பரில் நிகராகுவா நாட்டில் நிலநடுக்கத்தால் துன்புற்றோர்க்கு உதவிப் பொருள்களை ஏற்றிச் சென்ற விமானம் அம்மாதம் 31 ஆம் நாள் கடலில் வீழ்ந்தது. அவ்விமானத்திற் சென்ற கிளமென்டே உயிர்துறந்தார். அதன்பின் அவ்வெண் குழந்தைக்கு வெறும் எண்ணாகத் தோன்றாது.

ஏட்டில் ஏறாத எண்களும் உண்டு. நெடுங்காலம் கறுப்பினத்தவர் பெருங்கழகங்களின் அணிகளிற் சேர்க்கப்படவில்லை. அவர்கள் தமக்கெனத் தனிக் கழகங்கள் அமைத்து ஆடினர். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் என்பார் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் 42 ஆம் எண் தாங்கிக் களம் புகுந்து அத்தடையைத் தகர்த்தார். கறுப்பினக் கழகங்களின் ஒப்பற்ற மட்டையாளராகிய ஜாஷ் கிப்சன் அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். அக்கழகங்களின் ஆட்டக் கணக்குகள் பல்லாண்டு பெருங்கழகங்களின் ஏடுகளிற் சேரவில்லை. ஆராய்ச்சியாளர் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, ஆட்டக் கட்டங்களைத் தேடித் தொகுத்தனர். அதன் பயனாக 2024 மே மாதத்தில் அக்கணக்குகள் முறையாக ஏட்டில் ஏற்றப்பட்டன. டை காப் என்பவரின் 0.367 என்னும் வாழ்நாட் சராசரியே அதுவரை முதலிடம் பெற்றிருந்தது, கிப்சனின் 0.372 அதனைக் கடந்து முதலிடம் பெற்றது. அவர் மறைந்து 77 ஆண்டுகள் கழிந்த பின் அச்சிறப்பு அவரைச் சார்ந்தது.

0.372 பெரிதா, 0.367 பெரிதா என்று காணுதல் நான்காம் வகுப்புக் கணக்கு. அச்சிறு வேறுபாடு ஏட்டில் ஏறுதற்கு ஏன் இத்துணைக் காலம் ஆயிற்று என்று படித்தறிதல் வாசிப்பு. எழுதியவர் விட்டுவிட்ட எண்ணைத் தேடி எடுத்துச் சேர்த்தல் நீதி. இம்மூன்றையும் ஒரு பந்தாட்டத்தின் வாயிலாகக் குழந்தைக்கு உணர்த்த முடியுமாயின், அவ்வாட்டம் பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடந்து கல்வியின் துணையாகிறது.

எந்நாட்டு ஆசிரியர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. குழந்தை எதனை நன்கறிந்து எதில் உள்ளம் வைத்துள்ளதோ, அங்கிருந்து தொடங்குதல் வேண்டும். அவ்வறிவு இல்லாத குழந்தைக்கு அதனை முன்னர் ஊட்டுதல் வேண்டும். கணக்கு வாராதவன், படிப்பு ஏறாதவன் என்று ஒரு குழந்தையைத் தள்ளுமுன், அதற்குத் தெரிந்த பொருளைக் கொண்டு ஒரு முறையேனும் வினவினோமா என்று எண்ணிப் பார்த்தல் அறம். அவ்வாறு வினவப்பட்ட குழந்தை தன் அறிவைத் தானே கண்டுகொள்ளும். தன் அறிவைக் கண்டுகொண்ட குழந்தை கற்பதற்கு அஞ்சாது.